இருநூறு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

வணிக விமானி உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவர் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது தங்கள் இயக்குநரகத்தின் விதி. அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் கிராஸ் கன்ட்ரி பறத்தலாகவும், அவற்றுள் ஒரு பயணம் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல் வழியில் இரு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று சென்றதாகவும் இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த நேரம், இரவில் பறந்த நேரம், இரவில் ஏறி இறங்கிய தடவைகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. எல்லாம் லாக்புக் எனப்படும் பறத்தல் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இத்தனை நுணுக்கமாக வகுக்கப்பட்ட பாதையில், அந்த 200 மணி நேரத்தைப் பயிற்சி நிறுவனம் எத்தனை மாதங்களில் தந்து முடிக்கும் என்ற ஒன்றுக்கு மட்டும் மாணவரின் கையில் எந்த உறுதியும் இல்லை. இந்த மடல் அந்த ஒன்றைப் பற்றியது.

நான் விருதுநகர் மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர். விமானி அல்லன், விமானத் துறையில் எனக்கு எந்த வருமானமும் இல்லை. என் மாணவர்களில் சிலர் இந்தப் பாதையில் சென்றிருக்கிறார்கள். அவர்களுக்காக விதிகளைப் படித்தும், பயிற்சி நிறுவனங்களைத் தொலைபேசியில் விசாரித்தும், வங்கிகளில் அவர்களின் பெற்றோருடன் அமர்ந்தும் அறிந்துகொண்டவற்றையே எழுதுகிறேன். எங்கள் பகுதியில் இத்துறைக்கு வரும் பிள்ளைகள் விமானிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். அச்சகத்தில் வேலை பார்ப்பவரும், பலசரக்குக் கடை வைத்திருப்பவரும், கிணற்றுப் பாசனத்தில் சில ஏக்கர் வைத்திருப்பவரும்தான் அவர்களுடைய பெற்றோர். கேட்டுத் தெரிந்துகொள்ள இவர்களுக்கு உறவில் ஒரு கேப்டன் கிடையாது. பயிற்சி நிறுவனத்தின் வண்ணக் கையேடும், தொலைபேசியில் பேசும் ஆலோசகரின் வார்த்தையுமே இவர்களுக்குக் கிடைக்கும் தகவல்.

அந்தக் கையேடுகளில் பாதை நேராகத்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, தேர்வெழுதத் தங்கள் இயக்குநரகம் தரும் பதிவெண்ணான கம்ப்யூட்டர் நம்பர், மாணவர் விமானி உரிமம், அதன்பின் முதல் வகுப்பு மருத்துவச் சான்று. வழிகாட்டல், வானிலையியல், விமான ஒழுங்குமுறைகள், தொழில்நுட்பம் ஆகிய தேர்வுகளில் நூற்றுக்கு 70 மதிப்பெண். வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். சான்று, 200 மணி நேரம், பகலில் 250 நாட்டிகல் மைல், இரவில் 120 நாட்டிகல் மைல் சோதனைப் பறத்தல்கள், உரிமம். கட்டணம் இன்று 50 லட்சம் ரூபாயை ஒட்டியோ அதைத் தாண்டியோ நிற்கிறது. காலம் என்ற இடத்தில் மட்டும் 'ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்கள்' என்பது போன்ற ஒரு வரி இருக்கும். கட்டணம் தவிர மற்ற எல்லா வரிகளுக்கும் பின்னால் ஒரு விதி நிற்கிறது. இந்த வரிக்குப் பின்னால் நிற்பது நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு மட்டுமே.

தேர்வுகள் கடினமானவை, ஆனால் அவை மாணவரின் முயற்சிக்கு உட்பட்டவை. தேறாவிட்டால் மறுபடி எழுதலாம், ஓராண்டு தள்ளிப் போனாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம். பறத்தல் அப்படியல்ல. விமானம் நல்ல நிலையில் இருக்க வேண்டும், பயிற்றுநர் இருக்க வேண்டும், வானிலை இடம் கொடுக்க வேண்டும், ஓடுதளம் கிடைக்க வேண்டும். இந்த நான்கும் சேரும் நேரத்தில் வரிசையில் தம் முறையும் வந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட மாணவரின் கையில் இல்லை. முழுக் கட்டணத்தையும் கட்டியவர் அவர்தான் என்பதால், தாமதத்தின் விலையைச் செலுத்துபவரும் அவரே.

ஓர் எளிய கணக்கைத் தங்கள் முன் வைக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடக்கூடிய கணக்கு. ஒரு பயிற்சி நிறுவனத்தில் பத்து விமானங்களும் நூறு மாணவர்களும் இருப்பதாகக் கொள்வோம். சிமுலேட்டரில் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் சிறு பகுதியை ஒதுக்கிவிட்டால், நூறு பேருக்கும் சேர்த்து 20,000 மணி நேரம் பறந்தாக வேண்டும். ஓராண்டில் இது முடிய வேண்டுமானால் ஒவ்வொரு விமானமும் 2,000 மணி நேரம் பறக்க வேண்டும். அதாவது ஆண்டின் 365 நாள்களும், ஞாயிறும் தீபாவளியும் உட்பட, நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம். செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தை 50 மணி நேரத்துக்கும் 100 மணி நேரத்துக்கும் ஒருமுறை பராமரிப்புக் கூடத்துக்குள் ஏற்ற வேண்டும். பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மேகம் தாழ்ந்து நிற்கும். வடக்கே குளிர்காலத்து மூடுபனி காலைப் பொழுதைத் தின்றுவிடும். கோடையின் பிற்பகலில் சிறிய விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருப்பதே புதிய மாணவருக்குப் பெரும்பாடு. இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் அந்த நூறு பேரும் ஓராண்டில் முடிப்பது நடவாத காரியம் என்பது சேர்க்கை நடக்கும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. நிறுவனத்துக்குத் தெரியும், நிறுவனத்தைத் தணிக்கை செய்யும் தங்கள் அலுவலர்களுக்கும் தெரியும். தெரியாதவர் பணம் கட்டுபவர் ஒருவர்தான்.

என் மாணவர் ஒருவரின் நிலையைச் சொல்கிறேன். அவர் பயின்ற நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. தந்தையின் நிலத்தைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கி, கட்டணத்தின் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே கட்டிச் சேர்ந்தார். தேர்வுகளை முதல் முயற்சியிலேயே முடித்துவிட்டார். ஓராண்டு கடந்தபோது அவருடைய லாக்புக்கில் அந்த 200 மணி நேரத்தில் பாதிகூட ஏறவில்லை. விடுதி வாடகையும் உணவுச் செலவும் மாதந்தோறும் ஓடிக்கொண்டிருந்தன. வங்கியில் வட்டி தனியாக ஏறிக்கொண்டிருந்தது. இடையிடையே பல வாரங்கள் பறக்காமல் இருந்துவிட்டு மறுபடி ஏறும்போது கை பழைய நிலைக்கு வருவதற்கே சில பறத்தல்கள் செலவாகிவிடுகின்றன என்றும், அந்த நேரமும் தம் கணக்கில்தான் எழுதப்படுகிறது என்றும் அவர் சொன்னார். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது சில பறத்தல்களும் சோதனைகளும் அண்மைய மாதங்களுக்குள் நடந்தவையாக இருக்க வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது. விமானி கை மறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்கான நியாயமான விதி அது. ஆனால் நிறுவனத்தின் தாமதத்தால் அந்தக் கெடு தாண்டிப் போனால், மீண்டும் பறக்க ஆகும் செலவு மாணவருடையது. குற்றம் ஒருவருடையதும் அபராதம் இன்னொருவருடையதுமாக இருக்கும் ஏற்பாடு இது.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உதிரிப் பாகங்களுக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. இச்சிறு விமானங்களுக்கான ஏவ்கேஸ் எரிபொருளே இந்தியாவில் 2022-இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது, அதுவரை இறக்குமதிதான். பயிற்றுநர்களை ஏர்லைன் நிறுவனங்கள் அதிகச் சம்பளத்துக்கு அழைத்துக்கொள்கின்றன. இவை உண்மை என்பதால்தான், எத்தனை விமானம், எத்தனை பயிற்றுநர் கையில் இருக்கிறார்களோ அதற்கேற்ற அளவில் மட்டும் மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்கிறேன். கல்லூரிக்கு இத்தனை இருக்கை என்று வரையறை இருக்கும் நாட்டில், ஒரு மாணவருக்கு அரைக் கோடி ரூபாய் வாங்கும் பயிற்சிக்குப் பறக்கும் நிலையில் உள்ள விமானங்களின் எண்ணிக்கையைக் கொண்டு சேர்க்கை உச்சவரம்பு வகுப்பது தங்களுக்கு அரிய செயலாக இருக்க முடியாது. கூடத்தில் எஞ்சின் கழற்றி வைக்கப்பட்டிருக்கும் விமானத்தை அந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்தான்.

இது பணத்தோடு முடியும் விஷயமும் அல்ல. 2011-இல் போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் பெற்றவர்கள் பிடிபட்டதையும், பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த விவகாரம் வெளிவந்ததையும் தங்கள் இயக்குநரகம் மறந்திருக்காது. அதன் பின் விண்ணப்பங்களை இ-ஜிசிஏ என்ற தங்கள் இணையதளத்துக்குக் கொண்டுவந்ததும், 2025 பிப்ரவரியில் மின்னணு உரிமத்தை அறிமுகம் செய்ததும் பாராட்டத் தக்கவை. ஆனால் மணி நேரம் கிடைக்காமல் காத்துக் கிடக்கும் மாணவரும், தந்துவிட்டதாகக் காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கும் நிறுவனமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்வரை, பேனாவால் பறந்துவிடும் ஆசை இருந்துகொண்டேதான் இருக்கும். அப்படி எழுதப்பட்ட மணி நேரத்தோடு ஒருவர் பிற்காலத்தில் 180 பேர் அமர்ந்திருக்கும் விமானத்தில் துணை விமானிக்குரிய வலப்பக்க இருக்கையில் உட்காருவார். 200 மணி நேரத்தை உயர்த்தக் கோருபவன் அல்லன் நான். அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பின் ஏர்லைன் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று ஆக்கினார்கள், அது அந்நாட்டின் வழி. நம் நாட்டில் 200 போதும் என்றால், அந்த 200 உண்மையானதாகவும் இடைவெளியின்றிக் கிடைத்ததாகவும் இருப்பது இன்னும் முக்கியமாகிறது.

2025 அக்டோபரில் பயிற்சி நிறுவனங்களுக்கு முதன்முறையாகத் தரவரிசை வெளியிட்டீர்கள். அதில் ஒரு நிறுவனம்கூட 'ஏ' வரிசைத் தரங்கள் எதையும் எட்டவில்லை. 13 நிறுவனங்கள் 'பி' என்றும் 22 நிறுவனங்கள் 'சி' என்றும் வந்தன. உள்ளதை உள்ளபடி சொன்ன அந்தத் துணிவை மதிக்கிறேன். என்றாலும் 'பி' என்ற எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பனார் என்ன முடிவெடுப்பார்? அவருக்குத் தெரிய வேண்டியவை சில எண்கள். இந்த நிறுவனத்தில் கடந்த ஆண்டு உரிமம் பெற்றவர்கள், சேர்ந்த நாளிலிருந்து 200 மணி நேரத்தை முடிக்க எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள். மிக விரைவாக முடித்தவர் மட்டுமல்ல, நடுவில் நிற்பவரும் கடைசியில் நிற்பவரும் எத்தனை மாதம் எடுத்தார்கள். இன்று பறக்கும் நிலையில் உள்ள ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்காமல் வெளியேறினார்கள். இந்த விவரங்கள் தங்கள் தணிக்கைக் கோப்புகளிலும் உரிம விண்ணப்பங்களிலும் ஏற்கெனவே கிடக்கின்றன. புதிதாக எதையும் கணக்கெடுக்கச் சொல்லவில்லை. தரத்தின் எழுத்தோடு அதற்குப் பின்னாலுள்ள எண்களையும் நிறுவனம்வாரியாக வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எண்கள் வெளிவந்தாலும், கட்டணம் மொத்தமாக முன்கூட்டியே வாங்கப்படும்வரை மாணவருக்குப் பேரம் பேசும் வலிமை இராது. பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை என்ற முறையைத் தங்கள் அங்கீகாரத்தின் நிபந்தனைகளில் ஒன்றாக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சொன்ன காலத்தைத் தாண்டினால், பறக்காத மணி நேரத்துக்கான பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமையும், அதுவரை பறந்த நேரத்துக்கான சான்றுகளைத் தாமதமின்றிப் பெறும் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும். வங்கிகளுக்கும் இதுவே நல்லது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கிறார்கள். அந்தப் பிணை எங்கள் ஊர்களில் பெரும்பாலும் ஒரே வீடு அல்லது ஒரே துண்டு நிலம். கடன் தொகை மாணவரின் லாக்புக்கைத் தொடர்ந்து பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டால், நிறுவனம் நடுவழியில் மூடப்பட்டாலும் முழுச் சொத்தும் போகாது. தங்கள் அங்கீகாரம் பெற்ற பறத்தல் பயிற்சிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2024-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அந்த விலக்கு கட்டணச் சீட்டில் தெரிகிறதா என்பதையும் தணிக்கையின்போது பார்க்குமாறு வேண்டுகிறேன்.

மருத்துவச் சான்றைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. மாணவர் விமானி உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும் என்பதால், அதை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, பிறகு முதல் வகுப்புப் பரிசோதனையில் தேறாமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. தகுதியிழக்கச் செய்யும் ஒரு காரணம் அந்தக் கட்டத்தில் உறுதியானால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? முதல் வகுப்புச் சான்று கையில் வரும்வரை பதிவுத் தொகைக்கு மேல் எந்த நிறுவனமும் வாங்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

உரிமம் வந்த பிறகும் பாதை முடிவதில்லை. ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங்குக்கு மேலும் பல லட்சம் ரூபாய் வேண்டும். ஏர்லைன் நிறுவனங்கள் தங்களுக்கான விமானிகளைத் தொடக்கத்திலிருந்தே பயிற்றுவிக்கும் காடெட் திட்டங்களில் சேர்ந்தால் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடுகிறது. 2023-இல் தங்கள் இயக்குநரகம் 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது, 2022-இல் 1,165. மகிழ்ச்சியான எண்கள்தாம். அந்த 1,622 பேரில் எத்தனை பேர் இன்று ஏர்லைன் விமானிகளாக இருக்கிறார்கள் என்ற எண்ணையும் சேர்த்துச் சொன்னால் படம் முழுமையாகும். கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் நின்றபோது அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி அலைந்தார்கள். அப்போது உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே நின்ற புதியவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பயிற்சி ஓராண்டு தள்ளிப்போவது என்பது வேலைவாய்ப்பின் அலை வரும் ஆண்டைத் தவறவிடுவதும்தான்.

வேலை இருக்கிறது என்ற பேச்சு பொய்யல்ல. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களையும், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் 500 விமானங்களையும் வாங்குவதாக அறிவித்தன. எதிர்வரும் ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவை என்று துறை அமைச்சரே சொன்னார். 2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிய புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபின் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் போதிய விமானிகளை ஒழுங்குசெய்ய முடியாமல் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேவைகளை ரத்து செய்ததையும், தாங்கள் அவ்விதிகளில் தற்காலிகத் தளர்வு தர நேர்ந்ததையும் நாடே பார்த்தது. ஓய்வு விதி சரியானது. அதைத் தளர்த்த வேண்டி வந்ததுதான் சரியில்லை. ஒரு பக்கம் விமானிகள் பற்றாக்குறை, இன்னொரு பக்கம் 200 மணி நேரத்துக்காக வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகள். நடுவில் அடைத்துக்கொண்டிருப்பது எது என்று ஆராய்ந்தால், தங்கள் கவனம் பயிற்சி விமானங்கள் நிற்கும் அந்தச் சிறிய கூடங்களுக்குத்தான் வந்து சேரும்.

தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு சொல். 1932 அக்டோபரில் டாட்டா நிறுவனத்தின் முதல் அஞ்சல் விமானச் சேவை கராச்சியில் கிளம்பி வந்து முடிந்த இடம் சென்னை. அதற்கு முன்பே, 1930-இல், மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கப்பட்டுவிட்டது. இவ்வளவு பழைய தொடர்பிருந்தும் இன்று எங்கள் பிள்ளைகள் மகாராஷ்டிரத்துக்கோ மத்தியப் பிரதேசத்துக்கோ, வசதி இருந்தால் அமெரிக்காவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போகிறார்கள். வெளிநாடு போவோர் சொல்லும் முதல் காரணம் காலம். சொன்ன மாதத்தில் முடியும் என்பதற்காகவே கூடுதல் செலவையும், அந்நாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றத் திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வையும் ஏற்றுக்கொள்கிறார்கள். 2022-இல் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் பயிற்சிக்காக ஒதுக்கிய இடங்களில் சேலமும் ஒன்று என்பது ஆறுதல். அங்கும் மேற்சொன்ன எண்கள் வெளிப்படையாக இருந்தால், நான் முதலில் அனுப்புவது சேலத்துக்குத்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் கலை, வணிகவியல் படித்தவர்களுக்கும் இத்துறையைத் திறந்துவிடும் யோசனை தங்களிடம் இருப்பதாக 2025-இல் செய்திகள் வந்தன. இயற்பியல் ஆசிரியனாக இருந்தும் நான் அதை எதிர்க்கவில்லை. ஒரு விமானிக்கு வேண்டிய இயற்பியலை ஆர்வமுள்ள எவரும் சில மாதங்களில் கற்றுக்கொள்ள முடியும். இப்போதும் வணிகவியல் மாணவர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவ்விரு பாடங்களையும் எழுதிவிட்டுத்தான் வருகிறார்கள். என் கவலை வரிசையைப் பற்றியது. விமானங்களும் பயிற்றுநர்களும் கூடாமல் வாசலை மட்டும் அகலப்படுத்தினால், உள்ளே காத்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும். முதலில் சேர்க்கை உச்சவரம்பு, பிறகு வாசல் என்று அமைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வானொலிச் சான்றுத் தேர்வு தொலைத்தொடர்புத் துறையிடமும் மற்றத் தேர்வுகள் தங்களிடமும் இருந்ததால் மாணவர்கள் பல ஆண்டுகளாக இரண்டு வாசல்களில் நின்றார்கள். 2025 ஜனவரி 1-இல் பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் அதைத் தங்களிடமே கொண்டுவந்தது. மாற்ற முடியாது என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்று ஒரு சட்டத்தால் மாறியதைப் பார்த்த பிறகே இந்த மடலை எழுதும் எண்ணம் எனக்கு வந்தது. நான் கேட்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

தரவரிசையை ஆண்டுக்கு இருமுறை வெளியிடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பட்டியலில் ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்கு எதிரேயும் 200 மணி நேரத்தை முடிக்க மாணவர்கள் எடுத்துக்கொண்ட மாதங்களைச் சேர்த்து வெளியிடுமாறும், சேர்க்கை உச்சவரம்பு, தவணைக் கட்டணம், முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஆகியவை குறித்த வரைவு விதிகளைப் பொதுமக்களின் கருத்துக்கு வைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். வரைவு வெளிவந்தால், எங்கள் பகுதிப் பெற்றோரின் கருத்துகளைத் திரட்டி உரிய காலத்துக்குள் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.